உருளையில் நான்கு மிச்சம்

சிறிய ரிவால்வர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் எடையைத்தான் பார்க்கிறார்கள். அது இயல்பு. நாள் முழுக்கக் கைப்பையில் கிடக்க வேண்டிய பொருள். ஒரு பவுண்டுக்குக் கீழே இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது தோட்டாவை. சாதாரண முப்பத்தெட்டா, அதைவிடக் காரமான மேக்னமா? எடை அதற்குப் பிறகு. தென் மிசூரியில் எங்கள் மலைப்பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கு முப்பத்தோரு வயதில்தான் தெரிந்தது. நான் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்தவன். எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்ததில்லை.

திருமதி ஹாலிஸ், நேற்று என் சமையலறையில் உட்கார்ந்து நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். இழுப்பறையில் முப்பத்தெட்டுத் தோட்டாப் பெட்டி பாதி நிரம்பி இருக்கும்போது, என் மனைவி டெஸ்ஸாவின் ரிவால்வரில் மேக்னம் எப்படி வந்தது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காப்பியைக் குடித்து முடித்து, அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வரும் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவசரப்படாதவர்களிடம் பேசுவது எளிது. அதனால் எழுதுகிறேன்.

வழக்கைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துவிட்டது. டெஸ்ஸாவைக் கொன்றது அவளுடைய முதல் கணவன் ராய்ஸ் கெட்னர். அவனே ஒப்புக்கொண்டான். சிறையில் இருக்கிறான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. நீங்கள் கேட்டது சின்ன விஷயம். அதற்குப் பதில் சொல்ல ஏப்ரல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ரிவால்வரை பர்ல் யோஸ்டின் கடையில் வாங்கினோம். சனிக்கிழமை காலை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பர்ல் நின்றார். அவர் மனைவி ஓப்பல் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, சுட்டுப் பழகும் காகிதங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. பொண்டாட்டிக்கா? சின்னதா அழகா ஒண்ணு காட்டுறேன்" என்றார் பர்ல். டெஸ்ஸாவை அவர் பார்க்கவில்லை.

"அழகா வேணும்னா அந்தப் பொண்ணு நகைக்கடைக்குப் போயிருக்கும்" என்றாள் ஓப்பல்.

"நீ சும்மா இரு."

"முப்பது வருஷமா சும்மாதான் இருக்கேன். கண்ணு, இங்க வா. சுடப்போறது நீயா, அவனா?"

"நான்தான்" என்றாள் டெஸ்ஸா.

"அப்ப அவன் காப்பி குடிக்கட்டும்."

டெஸ்ஸா சிரித்தாள். அவள் வெளியாட்கள் முன்னால் சிரித்து நான் பார்த்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

பச்சைத் துணி விரித்து இரண்டை எடுத்து வைத்தார்கள். இரண்டும் சுழலும் உருளையில் ஐந்து தோட்டா பிடிப்பவை. உள்ளங்கைக்குள் அடங்குபவை. ஒன்று எஃகு, கனமானது, முப்பத்தெட்டு மட்டும் போகும். மற்றது லேசான உலோகம், மேக்னத்துக்குச் செய்தது. இரண்டு தோட்டாவும் ஒரே தடிமன். மேக்னம் ஒரு நெல் அளவு கூடுதல் நீளம், உள்ளே வெடிமருந்து அதிகம். அதனால் மேக்னத் துப்பாக்கியில் முப்பத்தெட்டையும் போடலாம். முப்பத்தெட்டுத் துப்பாக்கியில் மேக்னத்தைப் போட முடியாது. இங்கே பலரும் செய்வது என்னவென்றால், மேக்னத் துப்பாக்கியை வாங்கி, விலை குறைந்த, உதைப்புக் குறைந்த முப்பத்தெட்டை வைத்துப் பழகுவார்கள். பழகி முடித்ததும் மேக்னத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். பழகியது ஒன்று, வைத்திருப்பது வேறொன்று. யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை.

கடைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று உண்டு. அங்கே சுட்டுப் பார்க்கலாம். டெஸ்ஸா எஃகை எடுத்தாள். ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தன. அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள். அவளுக்குக் கை நடுங்காது. லேசானதில் முப்பத்தெட்டைப் போட்டும் சுட்டாள். கொஞ்சம் உதைத்தது. பரவாயில்லை என்றாள்.

எனக்கு மேக்னத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பர்ல் தன் வீட்டில் தானே மருந்து நிரப்பிய தோட்டாக்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். லேசான துப்பாக்கியில் ஐந்தைப் போட்டேன். முதல் வெடி, யாரோ கதவை முகத்தில் சாத்தியது போல் இருந்தது. கட்டைவிரல் அடியில் தோல் கிழிந்தது. குண்டு மண்மேட்டுக்கு மேலே எங்கோ போனது. மறுபடி விசையை இழுத்தேன். அசையவில்லை.

பர்ல் வாங்கிப் பார்த்தார். "மாட்டிக்கிச்சு. லேசான துப்பாக்கி, காரமான மருந்து. அது உதைக்கிற உதையில, பக்கத்துல காத்துக்கிட்டிருக்கிற தோட்டாவோட குண்டு பித்தளைக் கூட்டை விட்டு முன்னால நழுவி வந்துரும். மூக்கு வெளிய நீட்டிக்கும். அப்புறம் உருளை எங்க சுத்தும்?"

"ஒரே வெடியிலயா?" என்றாள் ஓப்பல்.

"இந்தப் பெட்டி சரியில்ல. கூட்டோட வாய நான் இறுக்கமாக் கவ்வ வைக்கல. கண்ணாடி போடாம உக்காந்திருப்பேன்."

"உன்னால யாராவது சாகறதுக்குள்ள அதத் தூக்கிப் போடு." பிறகு டெஸ்ஸாவிடம் திரும்பினாள். "கண்ணு, கடையில மாட்டிக்கிட்டா சிரிச்சுக்கலாம். வீட்டுல மாட்டிக்கிட்டா சிரிக்க முடியாது. எஃக வாங்கிக்க."

எஃகை வாங்கியிருக்க வேண்டும். டெஸ்ஸாவும் அதைத்தான் கையில் வைத்திருந்தாள். லேசானதை வாங்கலாம் என்று சொன்னது நான். காரணங்கள் சொன்னேன். நல்ல காரணங்கள். கைப்பையில் கனக்காது. கனத்தால் ஒரு நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாய். முப்பத்தெட்டையே போட்டுக்கொள்ளலாம், பின்னால் மேக்னம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கும். ஒன்றை வாங்கினால் இரண்டும் வாங்கியது போல.

"அவன் சொல்றதும் சரிதான்" என்றார் பர்ல்.

"அதுல முப்பத்தெட்டு மட்டும் போடுறதா இருந்தா சரி" என்றாள் ஓப்பல். "மேக்னம் போட்டது தெரிஞ்சுது, என்னோட சனிக்கிழமை துப்பாக்கி வகுப்புக்குள்ள விடமாட்டேன்."

பர்ல் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைக் குப்பைத் தொட்டி ஓரமாக வைத்தார். அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நழுவுவது எப்படி என்று வீட்டில் அளந்து பார்க்க வேண்டும் என்றேன். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் அப்படித்தான் கேட்பான் என்று அவர் கொடுத்துவிட்டார். அப்போது என் மனதில் எந்த எண்ணமும் இல்லை. இருந்திருந்தால் சொல்லிவிடுவேன். மறைக்க இப்போது எனக்கு ஒன்றும் இல்லை.

ராய்ஸைப் பற்றி உங்களுக்குத் தெரியும். டெஸ்ஸா மூன்று வருடம் அவனுடன் இருந்தாள். காறை எலும்பு உடைந்தது, ஒரு காது பாதிதான் கேட்கும். ஐந்நூறு அடிக்குள் வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கினாள். அவன் ஆர்கன்சாவுக்குப் போனான். ஆனால் மாதம் ஒரு முறையாவது அவன் வண்டி எங்கள் சாலையில் மெதுவாகப் போகும். உங்கள் ஆட்கள் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும். நான் குறையாகச் சொல்லவில்லை. மலைப்பாதை அப்படி.

எனக்குத் தண்ணீர் வாரியத்தின் ஆய்வகத்தில் வேலை. வீட்டிலிருந்து பதினான்கு நிமிடம். டெஸ்ஸா வீட்டில் தனியாக இருக்கும் சில நாளில் ஐந்தாறு முறை அழைப்பாள். நாய் குரைத்தால் அழைப்பாள். தபால்காரர் புதியவராக இருந்தால் அழைப்பாள். அவளுக்கென்று என் கைப்பேசியில் தனி மணி வைத்திருந்தேன். அது அடித்ததும் எதிர்மேசை கிளைட் சொல்வான்: "ஓடுப்பா தீயணைப்பு. தண்ணிய நான் பாத்துக்கிறேன்." நான் ஓடுவேன். வீட்டைச் சுற்றி வருவேன். கொட்டகைக்குள் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். உள்ளே போய் உட்காருவேன். அவள் பின்னால் வந்து என் முதுகில் நெற்றியை வைத்து நிற்பாள். மூச்சு மெல்ல மெல்லச் சீராவதை என் சட்டை வழியாக உணரலாம்.

ஒரு மனிதன் எதற்காக இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுவதில்லை. எனக்கு அப்போது தெரிந்திருந்தது.

மார்ச்சில் நாற்பத்தொன்பது அழைப்புகள். இதை நான் கணக்கு வைக்கவில்லை. கைப்பேசியே வைத்திருக்கிறது. மே மாதம் முப்பது. ஜூலையில் ஒன்பது. செப்டம்பரில் ஒன்று. முட்டை வாங்கி வரச் சொன்னாள்.

ஓப்பலின் சனிக்கிழமை வகுப்புதான் காரணம். எட்டுப் பெண்கள். வங்கியில் வேலை செய்பவள், இரண்டு பள்ளி ஆசிரியைகள், பாதிரியாரின் மருமகள், இப்படி. மண்மேட்டில் சுடுவார்கள். முடிந்ததும் சாலைமுனை உணவகத்தில் மெத்தென்ற ரொட்டியும் மிளகுக் குழம்பும் தின்றுவிட்டு வருவார்கள். டெஸ்ஸா மருந்து வாடையோடு, பசியில்லாமல் வீட்டுக்கு வருவாள்.

"இதப் பாரு எல்டன்." காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். "அஞ்சும் ஒரு கோப்பை வாய்க்குள்ள. ஓப்பல் என்ன சொன்னா தெரியுமா? 'உன் கையில பல்லைக் குடுத்த ஆளுங்க புண்ணியம் பண்ணவங்க'ன்னா."

"நல்லாருக்கு" என்றேன்.

"நல்லாருக்கா? அவ்வளவுதானா? கிளைட் ஒரு மீன் புடிச்சா ஒரு வாரம் பேசுவ."

ஆகஸ்டில் ஒரு நாள், அழைப்பு வராமலே மதியம் வீட்டுக்குப் போனேன். முன்வாசல் படியில் உட்கார்ந்து பீச் பழம் தின்றுகொண்டிருந்தாள். சாறு முழங்கை வரை வழிந்திருந்தது. ரிவால்வர் பக்கத்தில் உறைக்குள் இருந்தது. வீட்டின் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறை.

"என்ன ஆச்சு? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்தாச்சா? போ. உன் தண்ணி காத்துக்கிட்டிருக்கும்." சிரித்துவிட்டு, பிறகு சிரிக்காமல் சொன்னாள். "எல்டன், நீ இவ்வளவு நாள் எனக்குக் காவல் இருந்த. நான் மறக்கமாட்டேன். போதும். இனிமே புருஷனா இரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வண்டியில் திரும்பும்போது அதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். காவலைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு அவள் பயப்படும்படி ஏதாவது நடக்காதா என்று நினைத்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நாய் குரைப்பது போல ஏதாவது. திருமணமானவர்கள் இதைவிட மோசமாகவும் நினைக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

இனி உங்கள் கேள்வி.

எங்கள் வீட்டில் சுடுவது அவள் வேலை, துடைப்பது என் வேலை. எனக்கு எண்ணெய், கரைப்பான், சின்னத் தூரிகைகள் எல்லாம் பழக்கம். சனிக்கிழமை சுட்டுவிட்டு வருவாள். ஞாயிறு சாயங்காலம் நான் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, குழலைத் துடைத்து, உருளையைத் துடைத்து, ஐந்து தோட்டாவை நிரப்பி, அவள் கைப்பைக்குப் பக்கத்தில் வைப்பேன். அவள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திறந்தாலும் ஐந்து பித்தளை வட்டங்கள்தான் தெரியும். அதில் தோட்டாவின் வகையைப் பொறித்திருக்கும் எழுத்து மிகப் பொடி.

ஓப்பலின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் முழுக்கச் சுமந்த தோட்டாவை சனிக்கிழமை வந்ததும் முதலில் சுட்டுத் தீர்க்க வேண்டும். கைப்பையின் தூசும் வியர்வையும் பட்ட தோட்டாவை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பாள். அதனால் ஒவ்வொரு வகுப்பும் ஞாயிற்றுக்கிழமை நான் நிரப்பிய ஐந்தில்தான் தொடங்கும்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, பர்ல் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து ஐந்தை எடுத்து நிரப்பினேன்.

நடந்திருக்க வேண்டியது இதுதான். அடுத்த சனிக்கிழமை, எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்க, அவள் முதல் வெடியைச் சுடுவாள். கை கிழியும். குண்டு எங்கோ போகும். இரண்டாவது வராது. அந்தக் கருவியின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அன்றோடு போயிருக்கும். ஒரு வாரம் கட்டுப் போட்டிருப்பாள். நான் பதறி, பர்லின் பெட்டி எப்படியோ கலந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவளும் மன்னித்திருப்பாள். பிறகு ஒரு நாள் நாய் குரைத்திருக்கும்.

அவ்வளவுதான். யாரும் சாக வேண்டியதில்லை. நீங்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் வன்முறை தெரிந்தவன் அல்ல.

ஆனால் நடுவில் வியாழக்கிழமை வந்தது.

அக்டோபர் மூன்று. வியாழன் மதியத்துக்கு மேல் டெஸ்ஸாவுக்கு விடுமுறை. நான் ஆய்வுக்குத் தண்ணீர் மாதிரிகள் எடுக்கும் நாள். பனிக்கட்டி போட்ட பெட்டியில் பன்னிரண்டு குப்பிகளோடு, சாலைமுனையில் பெட்ரோல் போட நிறுத்தினேன். மணி நான்கு ஆகியிருந்தது. அடுத்த குழாயில் ராய்ஸ் நின்றிருந்தான்.

அவனைப் பார்த்துப் பல மாதம் ஆகிறது என்று என் முதல் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. அடித்துவிடுங்கள்.

"என்னப்பா தண்ணி டாக்டர்" என்றான். "நல்லா இருக்கியா? மெலிஞ்சு போயிட்ட. சோறு போடுறாளா இல்லையா?"

நான் குழாயின் மீட்டரைப் பார்த்தேன்.

"எங்கம்மா மோதிரம் அவகிட்ட இருக்கு. அம்மா போயிட்டா, தெரியுமா? போன மாசம். வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். இன்னிக்கு அவளுக்கு அரை நாளு, இல்ல?"

"உத்தரவு இருக்கு" என்றேன்.

"காகிதந்தானே. வேணும்னா நீயும் வா. மூணு பேரும் உக்காந்து பேசலாம்." மூடியைத் திருகினான். அவனிடமிருந்து மதுவாடை வந்தது. "வரமாட்ட. நீ தண்ணியக் குப்பியில புடிச்சுக்கிட்டு உக்காரு."

அவன் வண்டி எங்கள் சாலைக்குத் திரும்பியதைப் பார்த்தேன். அங்கிருந்து வீடு ஏழு மைல். வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்குப் பத்து நிமிடம்.

அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியவை என்ன என்று எனக்குத் தெரியும். உங்களை அழைக்கலாம். டெஸ்ஸாவை அழைத்து, கதவைப் பூட்டு, அந்தத் துப்பாக்கியை நம்பாதே என்று சொல்லலாம். ஒரு வாக்கியம். இவை எதுவும் எனக்குத் தோன்றாமல் இல்லை. எல்லாம் தெளிவாகத் தோன்றின. பதற்றத்தில் இருந்தேன் என்று எழுதினால் உங்களுக்கு எளிதாக இருக்கும். பதற்றம் இல்லை. மிக அமைதியாக இருந்தேன்.

அவன் பின்னாலேயே போனேன். வேகமாக அல்ல. தாழ்ந்த பாலத்துக்கு இந்தப் பக்கம், தேவாலய வாகனத் திடலில் நிறுத்தினேன். அங்கிருந்து வீடு சாலை வழியே நான்கு மைல், மலைக்குக் குறுக்கே ஒரு மைல்கூட இல்லை. கைப்பேசியை வண்டியின் முன்பலகையில் வைத்தேன். சிக்னல் முழுதாக இருந்தது. இயந்திரத்தை அணைக்கவில்லை. முதல் மணியிலேயே கிளம்பினால் ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிடலாம்.

அவன் வண்டியைப் பார்த்ததும் என்னை அழைப்பாள் என்று காத்திருந்தேன். அது நியாயமான எதிர்பார்ப்பு. நாய்க்கும் தபால்காரருக்கும் அழைத்தவள், ராய்ஸுக்கு அழைக்கமாட்டாளா? அவள் அழைத்ததும் நான் போய் நிற்பேன். ராய்ஸ் பெரிய உடம்புக்காரன், என்னை அடிப்பான், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அன்று மாலை அவள் என் பின்னால் வந்து நிற்பாள். அதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

நான்கு பத்து. நான்கு பதினைந்து. குப்பிகளின் பனிக்கட்டி உருகிச் சரியும் சத்தம் கேட்டது. தேவாலயப் பலகையில் சனிக்கிழமை மீன் விருந்து என்று எழுதியிருந்தது. அதை நிறைய முறை படித்தேன். நான்கு இருபத்திரண்டுக்கு மலைக்கு அப்பால் ஒரு வெடி கேட்டது. ஒன்றுதான். மேக்னம் தொலைவிலிருந்தும் வேறு மாதிரி ஒலிக்கும். அடுத்ததற்காகக் காத்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். அடுத்தது வராது என்று எனக்குத் தெரியும்.

கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அவசர எண்ணை அழைத்ததன் ஒலிப்பதிவை நவம்பரில் நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். நாற்பத்தேழு வினாடி. நான் எழுந்து வெளியே போனேன், துக்கம் தாளாமல் போகிறேன் என்று நினைத்து நீங்கள் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். அவள் குரலைக் கேட்டீர்கள் அல்லவா? "கெட்னர் வந்திருக்கான். முன்கதவ உடைக்கிறான். நான் கூடத்துல சோபாவுக்குப் பின்னால இருக்கேன். எங்கிட்ட ரிவால்வர் இருக்கு. அஞ்சு இருக்கு. எனக்குச் சுடத் தெரியும்." அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல்தான் நடுங்கியது. டெஸ்ஸாவின் குரல், நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறங்க என்று நோயாளிகளிடம் சொல்வாளே, அந்தக் குரல். அதில் பயம் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

முதல் குண்டு கதவுச் சட்டத்தின் மேல்மூலையில் இருந்தது. அவள் பழகியது முப்பத்தெட்டுக்கு. அந்த உதையை அவள் கை எதிர்பார்க்கவில்லை. உருளையில் நான்கு மிச்சம். அவளுடைய வலது ஆள்காட்டி விரலின் உட்புறம் கன்றியிருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் எழுதியிருக்கிறார்கள். பல முறை இழுத்திருக்கிறாள். ராய்ஸின் வாக்குமூலத்தில் அவன் அவசரப்படவில்லை என்று இருக்கிறது. அதை நான் ஒரு முறைதான் படித்தேன்.

நான்கு நாற்பதுக்கு உங்கள் வண்டி தேவாலயத்தைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் நானும் போனேன். எனக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பதினோரு பாத்திரம் உணவு. கோழி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் டேப்பில் பெயர் ஒட்டியிருந்தது, திருப்பிக் கொடுக்க வசதியாக. கிளைட் பாத்திரம் கழுவினான். ஓப்பல் எதையும் கொண்டுவரவில்லை. சமையலறை வாசலில் என் கையைப் பிடித்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எல்டன், முப்பத்தெட்டு மாட்டிக்காது" என்றாள்.

கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். உங்களிடம் வந்தது அவள்தான் என்று ஊகிக்கிறேன். தவறில்லை. அவள் இடத்தில் நானும் வந்திருப்பேன்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: மேக்னத்தை நிரப்பியது நான். தெரிந்து நிரப்பினேன். ராய்ஸ் போவதைப் பார்த்தேன். தெரிந்து உட்கார்ந்திருந்தேன். சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. நீங்கள் வரும்போது நான் வீட்டில்தான் இருப்பேன். பிளாஸ்டிக் பெட்டி கொட்டகையில், மேல் தட்டில், வண்ணப்பூச்சு டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் கேட்கப் போவதில்லை. அவள் கையில் கைப்பேசி இருந்தது. அவன் வண்டி வாசலுக்கு வந்ததிலிருந்து கதவு உடையும் வரை, உங்கள் கணக்கில், ஏறத்தாழ ஆறு நிமிடம். முதலில் ஓப்பலின் கடைக்கு அழைத்திருக்கிறாள். யாரும் எடுக்கவில்லை. பிறகு அவசர எண். இரண்டு அழைப்புகள். என் எண் அவளுக்கு மனப்பாடம். ஒரு விரலால் தொட்டால் போகும்படி நானே வைத்துக் கொடுத்திருந்தேன். நான் நான்கு மைல் தொலைவில், இயந்திரத்தை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.